பேணல் முடிந்த பொறியும் பெயர்த்தெழுத வேண்டிய ஏடும்



2025 அக்டோபர் 14ஆம் நாள், திருவள்ளுவர் ஆண்டு 2056இல், தமிழ்நாட்டில் எந்தக் கணிப்பொறியும் நின்றுவிடவில்லை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடையில் காலையில் விலைச்சீட்டு அடித்த பொறி மாலையிலும் அடித்தது. இராசபாளையத்து ஆலை அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்ட பொறி மறுநாளும் போட்டது. ஆகலின் அந்நாள் வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் கழிந்தது. ஆயினும் அந்நாளோடு, 'விண்டோசு 10' என்னும் இயங்குதளத்தை ஆக்கி விற்ற மைக்ரோசாப்ட்டு என்னும் அமெரிக்கக் குழுமம், அதனைப் பேணும் பொறுப்பினின்று விலகிக்கொண்டது. 2015 சூலை 29இல் வெளிவந்த அத்தளம் பத்தாண்டுகள் பேணப்பெற்றது. இனிமேல் அதனை வைத்திருப்பவர் தம் பாடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இயங்குதளம் என்பது யாது? கணிப்பொறியின் வன்பொருளுக்கும், அதில் நாள்தோறும் கையாளப்படும் எழுதுகருவி, கணக்குக்கருவி முதலிய மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்தும் அடிப்படை நிரல்தொகுதி அது. வீட்டுக்குக் கடைகால் எப்படியோ, கணிப்பொறிக்கு அஃது அப்படி. அதனை ஆக்கியவர் அவ்வப்போது செப்பம் செய்துதரும் பணியை ஆங்கிலத்தார் 'சப்போர்ட்டு' என்கின்றனர். நம் நாளிதழ்கள் அதனை 'ஆதரவு' என்று எழுதுகின்றன. ஆதரவு வடசொல் என்பது ஒருபுறம் இருக்க, பொருளும் பொருந்தவில்லை. ஆதரவு என்றவுடன் தேர்தலில் ஒருவர்க்கு மற்றவர் தரும் துணைதான் நினைவுக்கு வரும். இங்கு நிகழ்வது அதுவன்று. உழவன் ஆண்டுதோறும் வரப்பில் எலிவளை அடைக்கின்றான். கண்மாய்க் கரையில் கசிவு கண்ட இடத்தில் ஊரார் மண்கொட்டி மிதிக்கின்றனர். அதற்குத் தமிழில் பேணல் என்று பெயர். 'பேணல் முடிவு' என்று சொல்லிப் பாருங்கள். செய்தி உடனே விளங்கும். கண்மாய் இன்றும் நிரம்பித்தான் இருக்கின்றது. கரையைப் பார்க்க இனி ஆளில்லை.

கரையில் அப்படி என்ன கசிவு? கோடிக்கணக்கான வரிகளால் இயன்ற ஒரு நிரல்தொகுதியில் பிழையில்லாமல் இராது. அப்பிழைகளுள் சில, அயலான் நுழைவதற்குப் போதிய ஓட்டைகள். விண்டோசுக்கு ஒவ்வொரு திங்களும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அடைப்புகள் வெளியிடப்படுகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. புதிய பதிப்பாகிய விண்டோசு 11க்கு ஓர் அடைப்பு வெளிவருமாயின், அதனைப் பிரித்துப் பார்க்கும் கள்வன், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதை அவ்வடைப்பைக் கொண்டே அறிந்துகொள்கின்றான். இரண்டு பதிப்புகளும் ஒரே குருதியின ஆகலின், அதே ஓட்டை பழைய பதிப்பிலும் பெரும்பாலும் இருக்கும். அங்கே அடைப்பு இல்லை. எனவே புதியதற்குச் செய்யும் மருந்தே பழையதற்குப் பகைவனின் வழிகாட்டியாகிவிடுகின்றது. நாள் செல்லச்செல்லப் பழைய பொறிக்கு இடர் மிகுவதற்குக் கரணியம் இதுவே.

2017 மே 12ஆம் நாள் 'வான்னக்கிரை' என்னும் பணயநிரல் உலகைக் கலக்கியது. பொறியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்து, பணம் தந்தால் திறப்போம் என்று மிரட்டும் கொள்ளை அது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலக்கத்திற்கும் மேற்பட்ட பொறிகள் சிக்கின. பிரித்தானிய மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 மருத்துவ முன்பதிவுகள் கைவிடப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. கேரளத்து வயநாட்டில் ஓர் ஊராட்சி அலுவலகத்துப் பொறிகளும் தப்பவில்லை. 2014 ஏப்பிரல் 8இலேயே பேணல் முடிந்துபோன விண்டோசு எக்சுபிக்கு அக்குழுமம் விதிவிலக்காக ஓர் அடைப்பு வெளியிட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. ஒன்றை நடுநிலையோடு சொல்ல வேண்டும். அன்று சிக்கிய பொறிகளுள் மிகப்பல எக்சுபி அல்ல, அன்று பேணலில் இருந்த விண்டோசு 7. அடைப்பு இரண்டு திங்களுக்கு முன்னரே, மார்ச்சிலேயே வந்துவிட்டது, வைத்திருந்தவர்கள் பூசவில்லை. பேணல் இருந்தும் சோம்பியிருந்தவர்க்கே அந்த நிலையென்றால், பேணலே இல்லாதவர் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஓட்டை ஒன்றே சிக்கலன்று. சுற்றியுள்ள மென்பொருள்களும் ஒவ்வொன்றாகக் கைவிடும். விண்டோசு 7இன் பேணல் 2020 சனவரி 14இல் முடிந்தது. மூன்றாண்டு கழித்து, 2023 தொடக்கத்தில், கூகுளின் குரோம் உலாவியும் அதனைக் கைவிட்டது. 109ஆம் பதிப்பே அதற்குக் கடைசி. அதன்பின் வைப்பகத் தளமும் வரித்துறைத் தளமும் 'உம் உலாவி பழையது' என்று கதவடைக்கும் காலம் நெருங்கிவிடும். விண்டோசு 10க்கும் இதே வழிதான்.

'அப்படியாயின் 11ஐ ஏற்றிக்கொள்ளலாமே' என்பர். ஏற்றலாம், பொறி இடங்கொடுத்தால். 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோசு 11, மறைகுறிகளைக் காக்கும் ஒரு தனிச் சில்லின் இரண்டாம் பதிப்பு பொறியில் இருக்க வேண்டும் என்கின்றது. இன்டெல் செயலியாயின், சிற்சில விலக்கு நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முந்தியது கூடாது என்கின்றது. எட்டாம் தலைமுறை வந்தது 2017இல். அதற்கு முன் வாங்கிய பொறி நன்றாக ஓடினாலும் தள்ளுபடி. உலகெங்கும் 24 கோடிப் பொறிகள் இதனால் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிசு என்னும் சந்தை ஆய்வுக் குழுமம் 2023இல் கணக்கிட்டது. உயர்விலைப் பொறியை ஐந்தாண்டுக்கொரு முறை மாற்றும் பெருங்குழுமங்கட்கு இது பெரிதன்று. பழைய பொறியை விலைக்கு வாங்கி அச்சுப்பணி செய்யும் சிறு பட்டறைக்கும், நன்கொடையாக வந்த பத்துப் பொறிகளோடு கணிப்பொறிக் கூடம் நடத்தும் அரசுப் பள்ளிக்கும் இது பெரிது.

காலத்தை நீட்டிக்கொள்ள ஒரு வழி வைத்தனர். தனியாளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு, விலை 30 அமெரிக்கத் தாலர். பணம் தராவிடின், பொறியின் அமைப்புகளை அவர்களுடைய கணக்கின்வழி அவர்கள் கிடங்கில் ஏற்றிவைக்க வேண்டும். குழுமங்கட்குப் பொறியொன்றுக்கு முதலாண்டு 61 தாலர், அடுத்தது அதன் இருமடி, மூன்றாவது மீண்டும் இருமடி. பள்ளிகட்கு மட்டும் ஒன்று, இரண்டு, நான்கு தாலர் என்று இரங்கினர். ஐரோப்பிய நாட்டார்க்கோ, அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் சட்டத்தைக் காட்டி நெருக்கிய பின்னர், பணமும் இல்லை, கிடங்கில் ஏற்றும் கட்டாயமும் இல்லை என்றாயிற்று. அதே பொருள், அதே குழுமம், அதே அடைப்பு. கேட்டவர்க்கு ஒரு முறை, கேளாதவர்க்கு வேறொரு முறை.

இந்த ஊர் ஆலையூர். 1936இல் பஞ்சாலை கண்ட ஊர். பொறி என்றால் என்ன, உதிரி உறுப்பு என்றால் என்ன என்பதை இங்குள்ளோர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டான் செய்த நூற்புப் பொறி ஒன்று. செய்த குழுமம் அவ்வுறுப்பைச் செய்வதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆலை பூட்டிவிடுவதில்லை. தேய்ந்த பல்சக்கரத்தைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்கு அனுப்புவர். பட்டறைக்காரர் அளவெடுத்து, அதேபோல் ஒன்று கடைந்து தந்துவிடுவார். ஏன் முடிகின்றது? பொறி கண்ணுக்குத் திறந்திருக்கின்றது. கழற்றலாம், அளக்கலாம், செய்யலாம். விண்டோசு என்னும் பொறி அப்படி அன்று. அதன் மூல நிரலைக் காட்டமாட்டார்கள். வாங்கியவன் பணங்கொடுத்து வாங்கியது பொறியை அன்று, அதனைக் கையாளும் ஒப்புதலை மட்டுமே. தேர்ந்த நிரலாளர் நூறு பேர் இந்த மாவட்டத்திலேயே இருந்தாலும், அவ்வோட்டையை அவர்களால் முறைப்படி அடைத்துத்தர இயலாது. பூட்டிய பொறிக்குப் பட்டறை இல்லை.

இனித் தமிழுக்கு இதில் என்ன இழப்பு என்பதைப் பார்க்க வேண்டும். பொறி பழுதானால் வேறு வாங்கலாம். பொறிக்குள் இருக்கும் தமிழ் என்னாகும்?

ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுதுவதற்கு நாம் செய்த ஏற்பாட்டை இளையோர் அறியார். ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்தின் வடிவங்களை உட்கார்த்தி வைத்த எழுத்துருக்களே பெருவழக்காயிருந்தன. பாமினி, வானவில், இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் இருக்கை வரிசை வேறு. பாமினியில் ஒருவர் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்குத் தெரிவது தமிழ்தான். ஆனால் பொறிக்குள் பதிவாவது ஆங்கில நெடுங்கணக்கின் பத்தாம், பதினோராம், பதினாறாம், பதினைந்தாம் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு உள்ளவரை அது தமிழ். எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குப்பை. தமிழ் என்னும் சொல்கூடத் தமிழாகப் பதிவாகவில்லை என்றால், அதற்குமேல் என்ன சொல்ல?

இந்த இரண்டு ஊர்களிலும் அப்படி அடித்துவைத்தவை எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருமண அழைப்பு, நினைவுமலர் ஆகியவற்றை விட்டுவிடலாம். ஆவண எழுத்தர் அடித்துவைத்த விற்பனை ஆவண வரைவுகள், பாகப்பிரிவினைப் பத்திகள்; பள்ளி ஆண்டுமலர்கள்; வினாத்தாள்கள்; சங்கக் கூட்டத் தீர்மானங்கள்; ஊர்ப் புலவர் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு மறைந்துபோன நூலின் கோப்பு. அச்சகங்களில் இவற்றைப் பக்கம் கட்டியது பேச்மேக்கர் என்னும் மென்பொருளில். அதன் ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது; அதுவே கடைசி. அதற்கு ஒருங்குறி தெரியாது. அதனை ஆக்கிய அடோபி குழுமத்தின் இன்டிசைன் என்னும் பின்னை மென்பொருள், சிஎசு6 என்னும் பதிப்புவரைதான் பேச்மேக்கர் கோப்பைத் திறந்தது. 2013இல் தொடங்கிய புதிய வரிசை திறவாது. ஆக, எழுத்துரு ஒரு பூட்டு, பக்க மென்பொருள் ஒரு பூட்டு, அவை ஓடும் இயங்குதளம் மூன்றாம் பூட்டு. மூன்றையும் தாங்கிக்கொண்டு மூலையில் ஒரு பழைய பொறி கிடக்கின்றது. புதிய பொறி வந்ததும் அது பழைய இரும்புக்கடைக்குப் போகும். அதனோடு போகும் புலவர் நூல்.

தமிழர்க்கு இது புதிய துன்பம் அன்று. பனையோலைக்கும் பேணல் முடிவு இருந்தது. சில நூறாண்டில் ஓலை ஒடியும், செல்லரிக்கும். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து வேறோலையில் பெயர்த்தெழுதினால் நூல் வாழும். எழுதாவிடின் நூல் இறக்கும். சங்கநூல்கள் இன்று கையிலிருப்பது, பெயர் தெரியாத எத்தனையோ பேர் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியதால்தான். தாமோதரனார் 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும், சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை, 1894இல் புறநானூற்றை அச்சேற்றியதும், ஓலையின் முடிவுநாளுக்கு முன் தாளுக்குப் பெயர்த்த பணிகளே.

பெயர்க்காமல் விட்ட கதையும் அண்மையிலேயே உண்டு. இராசபாளையத்திற்குத் தெற்கே சங்கரன்கோயில் செல்லும் வழியில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கின்றது. வரகுணபாண்டியனின் ஏட்டுத் தொகுதி அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று உ.வே.சாமிநாதையர் தேடிச் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயிலிட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். அச்செய்தியை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் நெஞ்சுடைந்து எழுதியிருக்கின்றார். தீயிலிட்டவர் பகைமையால் செய்யவில்லை. பழையதை முறைப்படி அப்புறப்படுத்துவதாகவே எண்ணிச் செய்தனர். பழைய கணிப்பொறியை எடைக்குப் போடுகின்றவரும் அப்படித்தான் எண்ணுவார்.

ஆகவே பேணல் முடிவுக்கு முன்னேற்பாடு என்றால், புதிய பொறிக்குப் பணம் திரட்டுவது இரண்டாம் வேலை. முதல் வேலை பெயர்த்தெழுதல். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது. தமிழக அரசு 2010 சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியையும் 'தேசு 16' என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128தான்; உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிருக்கை இல்லை; தேவநாகரியின் அடுக்குமுறையை ஒட்டித் தமிழை அடுக்கினர். இம்மனக்குறைக்கு நயன் உண்டு. எனினும், உலகத்தின் எப்பொறியும் எந்த இயங்குதளமும் இன்று படிக்கும் தமிழ் அஃது ஒன்றே. செம்மையான குறியேற்றம் வரட்டும் என்று காத்திருந்து, கையிலுள்ளதை இழக்கலாகாது. மேலும் ஒருங்குறியில் 'கெ' என்பதற்கு ககரம் முதலிலும் எகரக்குறி பின்னரும் பதிவாகின்றன. எழுதும்போது கொம்பு முன்னே வந்தாலும், ஒலிக்கும்போது மெய் முன், உயிர் பின் என்பது தொல்காப்பியர் காட்டும் முறை. பழைய எழுத்துருக்கள் தட்டச்சுப்பொறியைப் பார்த்துக் கொம்பை முன்னே வைத்தன. இவ்வொன்றில் புதியதே தமிழியல்புக்கு அண்மையது.

மாற்றித்தரும் நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை முழுதும் நம்பலாகாது. பாமினிப் பத்தியின் நடுவே ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தால், அதனையும் தமிழென்று எண்ணி மாற்றிச் சிதைக்கும். கொம்பும் காலும் இடம் மாறும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரியாமல் மாற்றினால் எல்லாம் குழம்பும். அதனால் மாற்றியதை ஒருவர் மூலத்தோடு வைத்து ஒப்புநோக்க வேண்டும். ஏடு பார்த்துப் பழகிய தமிழாசிரியர்க்கு இதைவிட உரிய பணி வேறில்லை. கோடை விடுமுறையில் மேல்வகுப்பு மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் திருத்தினால், ஒரு பள்ளியின் இருபதாண்டு மலர்களை முடித்துவிடலாம். மாணவர்க்கும் எழுத்துப்பிழை குறையும்.

இரண்டாவதாக, எந்தத் தளத்துக்குப் பெயர்வது? பூட்டிய பொறிக்கு மாறாகத் திறந்த பொறி ஒன்று உலகில் நெடுநாளாக இருக்கின்றது. 1983இல் இரிச்சர்டு இசுடால்மன் என்னும் அமெரிக்கர் அறிவித்த குனு திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் இலினசு தொர்வால்டுசு தொடங்கிய கருவும் சேர்ந்ததே இலினக்சு. மூல நிரல் எவர்க்கும் திறந்தது. திருத்தலாம், படியெடுக்கலாம், பிறர்க்குத் தரலாம். இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் அழகிய பெயர் வழங்குகின்றது. இந்திய அரசின் சி-தாக்கு என்னும் உயர்கணிப்பு நிறுவனம், இதன் தெபியன் வகையை அடியாக வைத்து 2007இல் 'பாசு' என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. சென்னையில் உருவான அதில் தமிழும் உண்டு.

தமிழ்நாடு இவ்வழியை அறியாத நாடன்று. அறிந்து, நடந்து, நடுவழியில் நின்ற நாடு. 2006 முதல் உமாசங்கர் அவர்கள் எல்காட்டு நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராயிருந்தபோது, அந்நிறுவனத்தின் பொறிகளையே இலினக்சுக்கு மாற்றிக் காட்டினார். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்த பொறிகளில் விண்டோசும் பாசும் அருகருகே இருந்தன. 2014இல் எக்சுபியின் பேணல் முடிந்தபோது, பாசு தளத்தை நிறுவிக்கொள்ளுமாறு அரசு தன் துறைகட்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் இருந்தது, கற்பிக்க ஆளில்லை, கேட்டால் சொல்ல ஆளில்லை. மாணவர் கையில் வந்த மடிக்கணினியில் பாசு இருப்பதைக்கூட ஆசிரியர் எடுத்துச் சொல்லவில்லை. ஆசிரியர்க்கும் எவரும் சொல்லவில்லை. மலைக்கு அப்பால் கேரளத்தில் நிகழ்ந்தது வேறு. அவர்கள் முதலில் ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள். தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். இன்று கேரளப் பள்ளிகட்கென்றே உபுண்டுவின் அடிப்படையில் தனித்தளம் இருக்கின்றது. தமிழ்நாடு பொறியைக் கொடுத்தது. கேரளம் பொறியைக் கற்பித்தது.

'இவையெல்லாம் பள்ளிக்கு ஒத்துவரும். நாள்தோறும் வழக்காடும் இடத்தில் நடக்குமா?' என்பார்க்குத் திருவில்லிபுத்தூரிலேயே விடை உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட வழக்குமன்றம் இருப்பது விருதுநகரில் அன்று, இவ்வூரில். இந்தியாவின் கீழ்நிலை வழக்குமன்றங்கட்கு மின்மன்றத் திட்டத்தை வகுத்த உச்ச வழக்குமன்றக் குழு, கட்டற்ற மென்பொருளையே தேர்ந்து, உபுண்டு என்னும் இலினக்சு வகையை நடுவர்கட்கும் பணியாளர்கட்கும் பயிற்றியது. நாட்டின் மாவட்ட வழக்குகளின் பதிவேடு கட்டற்ற மென்பொருளை அடியாகக் கொண்டு இயங்குகின்றது. வழக்குமன்றத்துக்கு ஏற்பது அச்சகத்துக்கு ஏலாது என்று சொல்வது பொருந்தாது.

ஆனால் கட்டற்ற தளம் சாவில்லாதது என்று எவரும் எண்ண வேண்டா. உபுண்டுவின் நெடும்பேணல் பதிப்புக்கும் ஐந்தாண்டுதான் பொதுப் பேணல்; 18.04 என்னும் பதிப்பின் பொதுப் பேணல் 2023இல் முடிந்தது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கின்றது. அடுத்த பதிப்புக்குப் பணம் கேட்பதில்லை. பத்தாண்டுப் பழம்பொறியையும் தள்ளாமல் ஏற்கும் எளிய வகைகள் உண்டு. ஆக்கியவர் கைவிட்டாலும் வேறொருவர் எடுத்துப் பேணச் சட்டம் தடை செய்யாது. கடைசல் பட்டறை திறந்தே இருக்கும்.

மாறுவதில் இடர்ப்பாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. செருமனியின் மியூனிக்கு நகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்தாண்டு உழைத்து, ஏறத்தாழ 15,000 பொறிகளை இலினக்சுக்கு மாற்றியது. 2017இல் நகரமன்றம் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. அதே செருமனியில் சிலெசுவிக்கு-ஓல்சுடைன் என்னும் வடமாநிலம் இப்பொழுது இலிப்ரே ஆபிசு என்னும் கட்டற்ற எழுதுகருவிக்குத் தன் அலுவலகங்களை மாற்றி வருகின்றது. நம் ஊரிலோ டேலி கணக்கு மென்பொருள் விண்டோசுக்கென்றே செய்தது. மின்கையொப்பக் குச்சி, கைரேகைக் கருவி, பழைய அச்சுப்பொறி ஆகியவற்றுள் சில இலினக்சில் ஓடா. ஆகலின் எல்லாப் பொறியையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வது அறிவுடைமை அன்று. வரிக்கணக்கு போடும் ஒரு பொறியை விண்டோசு 11இல் வைத்துக்கொண்டு, எழுத்து வேலை செய்யும் நான்கு பொறிகளைக் கட்டற்ற தளத்துக்குக் கொண்டுபோவதே பல கடைகட்கும் அலுவலகங்கட்கும் பொருந்தும். முழுமையாக மாறவில்லையே என்று எவரும் நாண வேண்டியதில்லை.

செய்யும் முறையை ஒருமுறை சொல்லிவிடலாம். முதலில் பொறிகளைக் கணக்கெடுத்தல்: எந்த ஆண்டில் வாங்கியது, என்ன செயலி, எந்தத் தளம், அதில் யார் என்ன வேலை செய்கின்றனர். ஒரு பள்ளிக் குறிப்பேட்டின் இரண்டு பக்கம் போதும். அடுத்து, எல்லாக் கோப்புகளையும் தனி வட்டில் இருபடி எடுத்தல். ஒருபடி அதே கட்டடத்தில் இருக்கலாகாது. அதன்பின் பழைய எழுத்துருக் கோப்புகளைப் பிரித்து, எந்த எழுத்துரு என்று பெயரோடு குறித்தல். எழுத்துருவையும் அதே உறையில் படியெடுத்து வைக்க வேண்டும். அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். தளத்தைத் தேர்வதற்கு முன், விரற்குச்சியிலிருந்தே இலினக்சை இயக்கி, பொறியைத் தொடாமல் பார்க்கலாம். அச்சுப்பொறி அச்சடிக்கின்றதா, ஒலி வருகின்றதா, தமிழ்99 விசைப்பலகை வேலை செய்கின்றதா என்று ஒரு மாலைப்பொழுதில் அறிந்துகொள்ளலாம். 1999இல் சென்னை மாநாட்டில் வகுத்த அந்த விசைப்பலகையில் மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் பிறக்கும். தமிழ் நெடுங்கணக்கு தெரிந்தவர் ஒரு கிழமையில் பழகிவிடுவர். ஒலிவழி ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கும் வழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகட்குக் கற்பிக்காமல் இருப்பது நன்று. அவ்வழக்கத்தில் பிள்ளை தமிழை ஆங்கிலத்தில் நினைக்கப் பழகுகின்றது.

அச்சகத் தோழர்கட்குத் தனியே ஒரு சொல். பேச்மேக்கர் ஓடும் பழைய பொறியை இன்றே எறிந்துவிட வேண்டா. அதன் இணைய வடத்தைக் கழற்றிவிடுங்கள். கம்பியில்லா இணைப்பையும் அணைத்துவிடுங்கள். வெளியுலகத்தோடு தொடர்பில்லாத பொறியில் கள்வன் எளிதில் நுழையமாட்டான். விரற்குச்சி வழியாக நச்சு நிரல் ஏறும் என்பதால், அப்பொறிக்கென்று ஒரு குச்சியை ஒதுக்கி, வேறெங்கும் செருகாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிடக்கும் நூல்களையும் மலர்களையும் முதலில் அச்சுக்கோப்பு வடிவில் ஒரு படியும், எழுத்துக்கோப்பாக ஒரு படியும் வெளியே எடுங்கள். அச்சுக்கோப்பு பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். எழுத்துக்கோப்புதான் ஒருங்குறிக்குப் போகும். நூலாசிரியர் உயிரோடு இருந்தால் அவர்க்கே ஒரு படி கொடுங்கள். இல்லையேல் அவர் மக்களுக்குக் கொடுங்கள். ஒப்புநோக்குவதற்கு ஆள் வேண்டுமாயின் அருகிலுள்ள பள்ளித் தமிழாசிரியரைக் கேளுங்கள். எடைக்காரன் அதன்பின் வரட்டும்.